பக்கத்து நாட்டுத் தீயணைப்பு விமானம் எப்படி வந்து சேருகிறது?

(காட்சி: எரியும் காடு. ஏரியின் மேல் தாழப் பறக்கும் மஞ்சள் விமானம்.)

2018 ஜூலை. ஸ்வீடனில் மழையே இல்லை, காடு காடாகப் பற்றி எரிகிறது. ஏரியில் தண்ணீர் மொண்டு தீயில் கொட்டும் பெரிய விமானம் அந்த நாட்டு அரசிடம் அப்போது ஒன்றுகூட இல்லை. என்ன செய்தார்கள்? பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு கோரிக்கை அனுப்பினார்கள்.

அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் அவசரகால ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். கோரிக்கை வந்ததும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தகவல் பறக்கும். “எங்களிடம் இது இருக்கிறது, அனுப்பலாமா?” என்று நாடுகள் பதில் போடும். கேட்ட நாடு தனக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுக்கொள்ளும். 2001-ல் தொடங்கிய ஏற்பாடு இது. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, துருக்கி, உக்ரைன் உட்பட இன்னும் 10 நாடுகள் சேர்ந்திருக்கின்றன.

(காட்சி: நெடுஞ்சாலையில் வரிசையாகச் சிவப்பு வண்டிகள்.)

ஸ்வீடனுக்கு இத்தாலியிலிருந்து கனடேர் விமானங்கள் வந்தன. இந்த விமானம் ஏரியை உரசிக்கொண்டே பறந்து, 12 விநாடியில் சுமார் 6,000 லிட்டரை நிரப்பிக்கொள்ளும். போலந்திலிருந்து 139 வீரர்கள் 44 வண்டிகளில் வந்தார்கள். சாலையோரம் நின்று மக்கள் கையசைத்து வரவேற்றார்கள்.

சரி, “உதவி வேண்டும்” என்று சொன்னால் போதுமா? போதாது. எத்தனை விமானம், எந்த ஊரில் இறங்க வேண்டும், எரிபொருள் எங்கே, வருபவர்களை யார் சந்திப்பது என்று எல்லாம் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இதுதான். கேட்காமல் வந்து குவியும் பொருள் விமான நிலையத்தை அடைத்துக்கொள்ளும். அவசரமாக வர வேண்டிய மருந்து பின்னால் காத்துக் கிடக்கும். உதவப் போகிறவர்களும் சுமையாகிவிடக் கூடாது; அதனால்தான் நிலநடுக்க மீட்புக் குழுக்கள் கூடாரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோகின்றன. களத்தில் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகளுடையதுதான். போக்குவரத்துச் செலவில் பெரும்பகுதியை ஆணையம் ஏற்கிறது.

ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் தீப்பிடித்தால்?

2017-ல் அதுதான் நடந்தது. ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவோ கிராண்டே பகுதியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் காரில் தப்பிப் போகும் வழியிலேயே சிக்கிக்கொண்டார்கள். அக்டோபரில் மறுபடியும் தீ. அதே நாட்களில் பக்கத்து ஸ்பெயினின் கலீசியாவும் எரிந்துகொண்டிருந்தது. மனம் இருந்தாலும் கொடுக்க விமானம் வேண்டுமே!

அந்த அடிக்குப் பிறகு, 2019-ல் ‘ரெஸ்க்இயூ’ என்ற பொதுக் கையிருப்பு உருவானது. விமானம், ஹெலிகாப்டர், கள மருத்துவமனை, ஜெனரேட்டர் எல்லாம் ஒன்றியத்தின் பணத்தில் சில நாடுகளில் தயாராக நிற்கும். நாடுகள் தங்களுக்குள் கொடுத்துதவ முடியாத நேரத்துக்கான இருப்பு இது. 2024-ல் 6 நாடுகளுக்காக தண்ணீர் மொண்டு கொட்டும் 12 புது விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. இந்த வகை விமானத்தைச் செய்வதையே நிறுத்தியிருந்தார்கள். மறுபடி தொடங்கிக் கட்டிக் கொடுக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

(காட்சி: கிரீஸ். வேற்று நாட்டுச் சீருடைகளில் வீரர்கள்.)

அதற்காகக் கோடை காத்திருக்காது. 2022 முதல் இன்னொரு வேலையும் நடக்கிறது. தீ வருவதற்கு முன்பே பல்கேரியா, ருமேனியா போன்ற நாடுகளின் வீரர்கள் கிரீஸுக்குப் போய்த் தங்கி, உள்ளூர் வீரர்களோடு சேர்ந்து பணியில் இருக்கிறார்கள்.