விடுமுறை நாளும் கடலின் நாளும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினமாகும். 1894 முதல் அரசு விடுமுறையாக இருந்துவரும் இந்த நாள், சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் ஓய்வைத் தருவதால், திறந்த நீர்நிலைகளில் நடக்கும் நீச்சல் நிகழ்ச்சிகளுக்கு வாய்ப்பானதாக அமைந்துவிட்டது. அவற்றுள் ஹவாய்த் தீவுகளின் ஓவாஹுவில், 1970இல் தொடங்கிய வைக்கிக்கி ரஃப்வாட்டர் நீச்சலைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

முதல் ஆண்டில் கடலில் இறங்கியவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. பின்னாளில் நூற்றுக்கணக்கானோர் வரத் தொடங்கினர். சான்ஸ் சூசி என்னும் சிறு கடற்கரையில் தொடங்கி, பவளப்பாறைத் திட்டுகளுக்கு வெளியே சென்று, கரைக்கு இணையாக நீந்தி, பாறைகளுக்கு இடைப்பட்ட வாய்க்கால் வழியே திரும்பி, டியூக் கஹானமோக்கு கடற்கரையில் ஏறுவது அதன் வழி. தூரம் ஏறத்தாழ 2.4 மைல், அதாவது 3.8 கிலோமீட்டர். இந்த எண்ணில் முழுமையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. இரண்டு கடற்கரைகளுக்கு இடையே கடல் விட்டுவைத்த தூரம்தான் அது. ஆயினும், 1978இல் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் நண்பர்களும் இந்த நீச்சலையும், தீவைச் சுற்றிய மிதிவண்டிப் பயணத்தையும், ஹொனலுலு மாரத்தானையும் ஒரே நாளில் அடுக்கி முதல் அயர்ன்மேன் போட்டியை நடத்தியபோது இந்தத் தூரத்தையே எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகின் எந்த மூலையில் முழு அயர்ன்மேன் நடந்தாலும் போட்டியாளர்கள் நீந்தும் தூரம் வைக்கிக்கியின் கரை அமைப்பு தந்த அந்தத் தூரம்தான்.

நீச்சல் முடியும் கடற்கரைக்குப் பெயர் தந்த டியூக் கஹானமோக்கு, 1912 ஸ்டாக்ஹோம், 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குகளில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். அதற்கு முன்பே, 1911 ஆகஸ்டில், ஹொனலுலு துறைமுகத்தின் உப்புநீரில் 100 கெஜத்தை 55.4 விநாடிகளில் நீந்தினார். அன்றைய உலகச் சாதனையைவிட அது 4.6 விநாடி குறைவு. அமெரிக்காவின் விளையாட்டு அமைப்பான அமெச்சூர் அத்லெடிக் யூனியன் அதை ஏற்கவில்லை. நீரோட்டம் உதவியிருக்கும் என்றார்கள், அலாரக் கடிகாரத்தை வைத்தா நேரம் பார்த்தீர்கள் என்றும் கேட்டார்கள். கேலி தேவையற்றது, நீரோட்டத்தைப் பற்றிய ஐயத்தை மட்டும் முழுவதும் தள்ளிவிட முடியாது. ஏனெனில் கடலில் எடுத்த நேரத்துக்கு அந்த நாளைத் தாண்டி மதிப்பில்லை. போன ஆண்டைவிடப் பத்து நிமிடம் முந்திவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், முந்தியது அவரா, நீரோட்டமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நீச்சல்குளத்தில் அடியில் வரைந்த கறுப்புக் கோடு வழி காட்டும். கடலிலோ சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்மட்டும் நீருக்கு மேலே வருமளவு தலையைத் தூக்கி, மிதவையையோ கரையிலுள்ள உயர்ந்த கட்டடத்தையோ பார்த்துக்கொள்ள வேண்டும். தலையை அதிகம் தூக்கினால் கால் தாழ்ந்து வேகம் குறையும்; தூக்காமலே போனால் வழி விலகும். உப்புநீரில் கழுத்தும் அக்குளும் உராய்ந்து புண்ணாகும் என்பதால் அங்கெல்லாம் வாசலின் பூசிக்கொள்வதும் அனுபவசாலிகளின் பழக்கம்.

பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971இல் அதே நீரிணையைக் கடந்து திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனையும் நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். அத்தகைய தனியாள் நீச்சலில் துணைப்படகில் இருப்போரின் பார்வை ஒருவர் மீதே நிற்கும். நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக நீந்தும் விடுமுறை நிகழ்ச்சியில் அது இயலாது என்பதால், காவலின் பெரும்பகுதி எண்ணிக்கையில்தான் அடங்கியிருக்கிறது. வயதுப் பிரிவுக்கு ஒரு நிறத் தொப்பி, கணுக்காலில் நேரம் பதியும் சில்லு, கையில் எழுதிய எண் எல்லாம் நீருக்குள் போனவர்களில் இன்னும் வெளியே வராதவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்வதற்கே. பாதியில் களைத்து, யாரிடமும் சொல்லாமல் அருகிலிருந்த கரையில் ஏறி அறைக்குப் போய்விடும் ஒருவர், தம்மைத் தேடி மீட்புப் படகுகளைப் பல மணி நேரம் அலைய வைத்துவிடக்கூடும். கடலில் இறங்குவோருக்கு நான் முதலில் சொல்லும் விதி, விலகினால் சொல்லிவிட்டு விலகுங்கள் என்பதே.

இனி, போட்டி நடக்கும் நாளில் உள்ள சிக்கல். ஓவாஹுவின் தென்கரைக்கு, முழுநிலவுக்குப் பின் 8 முதல் 12 நாட்களுக்குள், நாற்பக்க உடலும் நீண்ட கொடுக்கிழைகளும் கொண்ட பெட்டி ஜெல்லிமீன்கள் இனப்பெருக்கத்துக்காகக் கூட்டமாக வருகின்றன. அவற்றின் கொட்டு கடும் வலி தரும். சிலருக்கு ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகலாம். தொழிலாளர் தினமோ சூரிய நாட்காட்டியின்படி வருவது. எனவே இரண்டும் சில ஆண்டுகளில் மோதிக்கொள்கின்றன. 2015இல் முழுநிலவு ஆகஸ்ட் 29, விடுமுறை செப்டம்பர் 7. இடைவெளி 9 நாள். 2018இல் 8 நாள். 2025இல் 24 நாள் இருந்ததால் அந்தக் கவலை எழவில்லை. 2026இல் ஹவாய் நேரப்படி முழுநிலவு ஆகஸ்ட் 27 மாலை, விடுமுறை செப்டம்பர் 7. 11 நாள், மறுபடியும் அந்த வரம்புக்குள்.

ஜெல்லிமீன் வருகையையாவது ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிடலாம். கோடைக்காலத்தில் தெற்கிலிருந்து எழும் பேரலைகளும், ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் பருவமும் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. அன்று காலையில் கரையில் நின்று பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். விடுமுறையின் வசதி அப்போதுதான் சுமையாகிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் பணம் கட்டிவிட்டார்கள், செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். போட்டியை ஒரு நாள் தள்ளிவைப்பது அவர்களுக்கு ரத்துசெய்வதற்குச் சமம். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. ஆகவே அந்தச் சொல்லைச் சொல்லும் பொறுப்பு, கட்டணம் வசூலிப்பவரிடமோ பரிசு வழங்குபவரிடமோ இருக்கக் கூடாது, கடலை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கும் உயிர்காப்பாளரிடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய நீச்சலில் கலந்துகொள்ளப் பெயர் கொடுக்க எண்ணும் நேயர்கள், விமானச் சீட்டு எடுக்கும் முன்பே அந்த ஆண்டின் முழுநிலவு நாளைப் பாருங்கள். ரத்தானால் கட்டணம் திரும்புமா என்ற விதியையும் முழுவதுமாக வாசியுங்கள். முடியுமானால் திரும்பும் பயணத்தைச் செவ்வாய்க்கு வைக்காமல் புதனுக்கு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.