கிள்ளாதே, தோண்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்து ராத்திரி இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டால், விடிந்ததும் எங்கள் சிவகங்கைப் பக்கம் ஒரே பேச்சுதான்: "காளான் வந்திருச்சா?" கடையில் டப்பாவில் அடைத்து வரும் பட்டன் காளானைச் சொல்லவில்லை. புற்றுக்காளானைச் சொல்கிறேன். சாப்பிட்டவர்களுக்கு இந்நேரம் நாக்கில் நீர் ஊறியிருக்கும்.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் எனக்குக் காளான் பாடம் எடுத்தது என் அப்பத்தா. இடுப்பில் ஓலைக் கொட்டான், கையில் களைக்கொத்து, பின்னாலேயே ஏழு வயதில் நான். பொட்டலில் முதல் காளானைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கிள்ளிவிட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. "கிள்ளாதடா, தோண்டு! அடியைப் பார்க்காட்டி அது யாரு வீட்டுப் பிள்ளைன்னு எப்படித் தெரியும்?"

அப்புறம் அவரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அடுத்ததைத் தோண்டினார். ஒரு சாண் போயிற்று, தண்டு முடியவில்லை. இன்னொரு சாண். போகப் போக மெலிந்து எலிவால் மாதிரி ஆகி, கடைசியில் கறையான் கூட்டில் போய் நின்றது. உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக, பஞ்சு பஞ்சாக, துளைகளோடு ஒரு கட்டி. அதன்மேல் கடுகு கடுகாக வெள்ளை மணிகள். சருகையும் மட்கிய மரத்தையும் தின்ற கறையான்கள் தங்கள் கழிவாலேயே கட்டி வைத்திருக்கும் தோட்டம் அது. அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழைக்கு மண்ணை முட்டிக்கொண்டு மேலே வருவது அந்தத் தோட்டத்தின் காளான். ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1942இல் இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பேர் வைத்தார். கறையான் பூஞ்சை என்று பொருள். அப்பத்தா யாரையும் கேட்காமல் புற்றுக்காளான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, தோண்டினால் என்ன லாபம்? உயிரை எடுக்கும் காளான்களில் முக்கால்வாசிப் பேச்சு அமனிட்டா என்ற இனத்தைப் பற்றியது. அதன் ஆபத்தான வகைகளுக்குத் தண்டின் அடியில் முட்டை ஓடு உடைந்து நிற்பது போல ஒரு கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளே இருக்கும். கிள்ளினால் அது மண்ணிலேயே தங்கிவிடும், கையில் அழகான வெள்ளைக் குடை மட்டும் வரும். நல்லதுக்குச் சாட்சியான, வேர் மாதிரி நீளும் அந்தத் தண்டும் மண்ணுக்குள், கெட்டதுக்குச் சாட்சியான கிண்ணமும் மண்ணுக்குள். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், கிள்ளாதே, தோண்டு. அந்த வேர்த்தண்டு ஒன்று மட்டும் போதாது. புற்றுக்காளானின் குடை நடுவில் கூர்மையான மொட்டு இருக்கும், விரிந்த பிறகு அடிமடிப்புகள் லேசாக ரோஜா நிறம் காட்டும். எல்லாம் ஒத்துவர வேண்டும்.

ஆனால் நம்மிடம் குறுக்குவழிகள் ஏராளம். மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் முறியும். பூண்டு கறுத்தால் கெட்டது. பூச்சி அரித்திருந்தால் நல்லது. ஒன்றுகூட உண்மையில்லை. அமனிட்டாவின் நச்சு கொதித்தாலும் சாகாது. நத்தை தின்று சுகமாக இருக்கும், நாம் இருக்க மாட்டோம்.

பெருமை பேசுகிறேனே, நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு வீட்டின் புல்தரையில் வட்டமாக வெள்ளைக் குடைகள். தாவரவியல் வாத்தியாருக்குத் தெரியாததா? தோண்டவில்லை. கிள்ளினேன், வதக்கினேன், தின்றேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும், இரவெல்லாம் வாளியோடு படுக்கை. மறுநாள் மீதி இருந்த ஒரு குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி வைத்தேன். காலையில் தாளில் படிந்திருந்த காளானின் வித்துத் தூள் பச்சை! குளோரோபில்லம் என்ற நச்சுக் காளான் வகை. இளசாக இருக்கும்போது மடிப்பு வெள்ளையாகவே இருந்து ஏமாற்றிவிடும். அப்பத்தா அப்போது இல்லை. இருந்திருந்தால் முதுகு தப்பியிருக்காது.

ஒரு விஷயம் கவனியுங்கள். எனக்கு இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தது, அது அதிர்ஷ்டம். அமனிட்டா ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கூடச் சும்மா இருக்கும். பிறகு வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்து நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் கொட்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். தெரிந்தவரோடு நாலைந்து மழைக்காலம் நடந்தவர்கள் மட்டும் போங்கள். அதிலும் சந்தேகம் வந்த காளானைப் போட்டுவிட்டு வாருங்கள்.

வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வைக்கோலை வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்தை வடித்து, காளான் விதையோடு பையில் அடைத்தால் வீட்டிலேயே வரும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. காட்டுக் காளான் தின்றவருக்கு வாந்தி என்றால், நின்றுவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சமைக்காத காளான் மிச்சமிருந்தால் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், அழுகிவிடும். அடியோடு இருந்தால் ரொம்ப நல்லது. வணக்கம்.