ஐடிலில் எழுதும்போது பிழை யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவினால் கூடவே வந்து சேரும் ஐடில் என்ற எழுதுகளத்தைப் பற்றி இன்று பேசலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் பைத்தான் அறிமுகமாவது இதன் வழியாகத்தான். 1999இல் வெளியான பைத்தான் 1.5.2 காலத்திலிருந்தே இது மொழியோடு சேர்ந்து வருகிறது. தொடங்கி வைத்தவர் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம். பழசு, அழகில்லாதது என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அழகு போகட்டும். இதில் வேலை செய்யும்போது வரும் பிழைகளில் எது பைத்தானுடையது, எது ஐடிலுடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலரும் திணறுகிறார்கள்.

முதல் குழப்பம் இரண்டு விண்டோக்களில் தொடங்குகிறது. ஐடிலைத் திறந்ததும் வருவது ஷெல். அங்கே மூன்று கோணக் குறிகளுக்குப் பக்கத்தில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் உடனே விடை வரும். நிரலை முழுசாக எழுத வேண்டிய இடம் அது இல்லை. கன்ட்ரோல் என் அழுத்தினால் வெற்று விண்டோ ஒன்று திறக்கும். நிரல் அங்கேதான் எழுதப்பட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஷெல்லிலேயே இருபது வரி அடித்துவிட்டு அதையே சேமித்துவிடுகிறார்கள். மறுநாள் திறந்து ஓட்டினால் முதல் வரியிலேயே தொடரியல் பிழை. காரணம், பைத்தானின் பதிப்பு எண்ணைச் சொல்லும் தலைப்பு வரியும், நடுநடுவே வந்த விடைகளும் சேர்ந்தே கோப்புக்குள் போயிருக்கும். இன்னொன்று, எங்கிருந்தோ பத்து வரியை நகலெடுத்து வந்து ஷெல்லில் ஒட்டுவது. ஒரு நேரத்தில் ஒரு கூற்றைத்தான் ஷெல் வாங்கிக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் இருந்தால், பல கூற்றுகள் இருக்கின்றன என்று சொல்லித் தள்ளிவிடும்.

நிரலை ஓட்ட எஃப்5. சேமிக்காமல் ஓட்ட விடாது, ஒவ்வொரு முறையும் கேட்கும். அமைப்புகளில் தானாகச் சேமிக்கும்படி மாற்றிவிட்டால் அந்தத் தொந்தரவு இல்லை. எஃப்5 தட்டியதும் ஐடில் முதலில் அடைப்புக்குறி விடுபட்டது போன்ற தொடரியல் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு ஷெல்லைப் புதிதாகத் தொடங்குகிறது. ரீஸ்டார்ட் என்று ஒரு கோடு விழும். அதற்கு முன் ஷெல்லில் நீங்கள் வைத்திருந்த மாறிகள் எல்லாம் போய்விடும். இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய மாறி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது என்பதால், இப்போது ஓடுவது கோப்பில் இருப்பது மட்டுந்தான் என்று உறுதியாக நம்பலாம். நிரலைத் துண்டு துண்டாகக் கட்டங்களில் எழுதி ஓட்டும் ஜூபிடர் நோட்புக்கில், அந்தக் கட்டங்களை முன்பின்னாக ஓட்டிவிட்டு விடை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்த பலம் நிறங்கள். இஃப், ஃபார், டெஃப் போன்ற சொற்கள் ஆரஞ்சு நிறத்தில் வரும். மேற்கோளுக்குள் இருப்பது பச்சை, குறிப்புரை சிவப்பு. பிரின்ட், சம், லிஸ்ட் போன்ற பைத்தானின் சொந்தப் பெயர்கள் ஊதா. மாறிக்குப் பெயர் வைக்கும்போது அது ஊதாவாக மாறினால் கையை எடுத்துவிடுங்கள். மொத்த மதிப்பெண்ணுக்கு சம் என்று பெயர் வைத்துவிட்டு, நாலு வரி கழித்து சம் என்ற செயற்கூற்றை அழைத்தால், முழு எண்ணை அழைக்க முடியாது என்று பிழை வரும். நிறத்தை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தப் பிழைக்கே இடமில்லை. டேப் விசை நான்கு இடைவெளிகளைப் போடுவதும் நல்ல ஏற்பாடு. வேறு இடத்திலிருந்து ஒட்டிய வரிகளில் டேப்பும் இடைவெளியும் கலந்திருந்தால், அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் 6 அழுத்துங்கள். டேப்புகள் எல்லாம் இடைவெளிகளாகிவிடும். பல வரிகளை ஒரேயடியாகக் குறிப்புரையாக்க ஆல்ட் 3, திரும்ப எடுக்க ஆல்ட் 4. இவை விண்டோஸ் கணினிக்கான விசைகள்.

வரி எண் தானாகத் தெரியாது என்பது பெரிய எரிச்சல். பிழைச் செய்தி 37ஆம் வரி என்கிறது. நாம் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். பைத்தான் 3.8 முதல் ஆப்ஷன்ஸ் மெனுவில் வரி எண்ணைக் காட்டச் சொல்லலாம். அது அந்த ஒரு விண்டோவுக்கு மட்டும். எல்லா விண்டோவிலும் வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய் டிக் அடிக்க வேண்டும். பள்ளி ஆய்வகங்களில் எல்லாக் கணினிகளிலும் இதை ஒருமுறை செய்து வைத்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

இனி, ஐடிலின் உண்மையான குறைகளுக்கு வருவோம். உங்கள் நிரல் ஒரு தனிச் செயல்முறையாக ஓடுகிறது. ஷெல் விண்டோ வேறொரு செயல்முறை. நிரல் அச்சிடும் ஒவ்வொரு வரியும் இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு வழியாக வந்து, பிறகு திரையில் வரையப்படுகிறது. அதனால் ஒரு லட்சம் வரி அச்சிடும் சுழற்சி இங்கே தவழும். அதையே கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையில் ஓட்டினால் விறுவிறுவென்று முடியும். ஒரே மூச்சில் 50 வரிக்கு மேல் வந்தால் ஐடில் அதைச் சுருக்கி ஒரு சின்னப் பெட்டியாக வைத்துவிடும். விடை காணாமல் போனதாகப் பதற வேண்டாம், பெட்டியை இருமுறை சொடுக்கினால் விரியும். வந்த வரியையே அழித்து அதன் மேல் எழுதும் முன்னேற்றப் பட்டை, வண்ண எழுத்து, திரையைத் துடைக்கும் கட்டளை ஆகியவை ஷெல்லில் சரியாக வேலை செய்யாது. நிரலில் தப்பு தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் அந்தக் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சி எம் டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் பி ஒய், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். அங்கேயும் அதே பிழை வந்தால் அது நிரலுடையது. அங்கே ஓடி, ஐடிலில் ஓடவில்லை என்றால் ஐடிலுடையது.

நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்க்கும் பிழைதிருத்தி இருக்கிறது, ஆனால் கைக்கு வசப்படாது. நிற்க வேண்டிய வரியில் வலது சொடுக்கு போட்டு நிறுத்தப் புள்ளி வைக்க வேண்டும். பிறகு ஷெல்லில் டீபக் மெனுவுக்குப் போய் அதை இயக்கி, எஃப்5 தட்ட வேண்டும். கோ, ஸ்டெப், ஓவர், அவுட், க்விட் என்று ஐந்து பொத்தான்கள் வரும். எல்லோரும் ஸ்டெப்பையே அழுத்துகிறார்கள். பிரின்ட் வரியில் அதை அழுத்தினால், பல பதிப்புகளில் ஐடிலின் சொந்த நிரலுக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்வீர்கள். சிக்கினால் அவுட். பிரின்ட் போன்ற வரிகளுக்கு எப்போதும் ஓவர்.

பயிற்சிக் கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். பைத்தானோடு வரும் ரேண்டம் என்ற நூலகக் கோப்பைப் பற்றிப் படிக்கிறோம் என்று கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்தால், இம்போர்ட் செய்யும்போது பைத்தானின் கோப்புக்குப் பதில் உங்கள் கோப்பே வந்து நிற்கும். ஐடிலுக்கும் இப்படிப்பட்ட சில நூலகக் கோப்புகள் தேவை. அதனால் நிரல் செயல்முறையோடு இணைய முடியவில்லை என்று சொல்லி ஷெல்லே கிளம்பாமல் போகும். பைத்தானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் தீராது. கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.

கூடுதல் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையை ஷெல்லில் அடித்தால் தொடரியல் பிழைதான் வரும்; அதன் இடம் கறுப்புத் திரை. நிறுவிய பிறகும் ஐடில் அதைக் காணோம் என்றால், கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வேலைக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் பைத்தான் அமைப்பான மெய்நிகர்ச் சூழல் வைத்திருப்பவர்கள், அந்தச் சூழலை இயக்கிய திரையிலிருந்தே பைத்தான், சிறுகோடு எம், ஐடில்லிப் என்று அடித்து ஐடிலைத் திறக்க வேண்டும். மெனுவிலிருந்து திறந்தால் அது வேறு பைத்தானோடு வரும். பல கோப்புகள், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், சூழல்கள் என்று வேலை வளர்ந்துவிட்டால் ஐடிலோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. விஎஸ் கோடு, பைசார்ம் போன்ற பெரிய எழுதுகளங்கள் பக்கம் போய்விடலாம்.

தமிழில் நிரல் விடை வேண்டுபவர்களுக்கு ஒரு சொல். விண்டோஸில் பழைய கறுப்புத் திரை தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும் இடத்தில், ஐடில் ஒழுங்காகக் காட்டும். லினக்ஸில் நிலைமை தலைகீழ். ஐடில் கட்டப்பட்டிருக்கும் டிகே என்ற வரைகலைக் கருவிக்கு அங்கே எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாததால், கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் இடம் மாறி நிற்கும். கோப்பில் எழுதினால் சரியாகவே பதியும், திரையில்தான் கோளாறு. தமிழ் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்று வராமல் ஐந்து என்று வருவதற்கு மட்டும் ஐடில் பொறுப்பில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளைப் பைத்தான் எண்ணுகிறது. விண்டோஸில் தமிழை ஒரு கோப்பில் எழுதப் போனால் சார்மேப் என்று தொடங்கும் பிழை வருவதும் பைத்தான் வேலைதான். கோப்பைத் திறக்கும் ஓபன் கட்டளையில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப் 8 என்று சேர்த்துவிடுங்கள். எழுதும்போதும் படிக்கும்போதும் இரண்டிலும்.