வரைவுக்கு முன்பே கேட்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் உள்ளாட்சி மன்றம் பத்து, இருபது ஆண்டுகளுக்கான திட்டம் வகுக்கும்போது, அங்கே குடியிருப்பவர்களை அதில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது பற்றி இன்று பேசுகிறேன்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். அதிகாரிகளும் ஆலோசகர்களும் பல மாதம் உழைத்துத் தடிமனான ஒரு வரைவைத் தயாரிக்கிறார்கள். பிறகு சில வாரம் அவகாசம் கொடுத்து, ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு வருகிறது. அதற்குள் சாலை எங்கே போகும், எந்த நிலம் எதற்கு, பணம் எதில் இறங்கும் என்பதெல்லாம் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். ஒன்றைத் தொட்டால் மொத்தக் கணக்கும் குலையும் என்பதால் அதிகாரிகள் வரைவைக் காப்பாற்றப் பேசுகிறார்கள். வந்தவர்களுக்கு எதிர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, கேட்ட நேரம் தவறியதே கூட்டத்தைச் சண்டையில் முடிக்கப் போதும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தாம். முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு கிடைப்பது மேல்படிகளில். எல்லா விஷயத்தையும் உச்சிப் படிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு பக்கம் போதும். சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் வாங்கிய கடனாலும் ஏற்கெனவே முடிவானவை எவை, இன்னும் மாற்றக்கூடியவை எவை, மன்றத்தின் அதிகாரத்திலேயே இல்லாதவை எவை என்று அதில் எழுத வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அதைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். இது இல்லாத இடங்களில், மன்றத்தால் தரவே முடியாத ஒன்றை மக்கள் பாடுபட்டுக் கேட்பார்கள். கடைசியில் கையை விரித்துவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள். 1996-இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே ஒதுக்கியது. கூட்டத்தில் பேசுவது உண்மையான பணத்தைப் பற்றி என்று தெரிந்தால், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்பது. மாலையில் ஓர் அரங்கில் கூட்டம் என்று அறிவித்தால் சொந்த வீட்டுக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் வருவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், இரவுப்பணிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், இளைஞர்கள் வருவது அரிது. திட்டத்தின் இருபதாவது ஆண்டில் அந்த ஊரில் வாழப்போகிறவர்களில் பெரும்பகுதி இவர்கள்தாம்.

இதற்கு நன்றாக வேலை செய்யும் வழி குலுக்கல். ஜெர்மனியில் பீட்டர் டீனல் 1970-களில் உருவாக்கிய திட்டக்குழு முறையில், குலுக்கலில் தேர்வான சுமார் 25 பேர் சில நாள் சேர்ந்து உட்கார்ந்து, ஐந்தைந்து பேராகப் பிரிந்து விவாதிப்பார்கள். மெல்போர்ன் நகர மன்றம் 2014-இல் தன் பத்தாண்டு நிதித் திட்டத்துக்கு 43 பேர் கொண்ட குழுவை இப்படி அமைத்தது. சுமார் 500 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு பற்றிய கணக்குகளை அவர்கள் முன் வைத்தது.

இதற்கான கணக்கைத் தாராளமாகப் போட வேண்டும். நூறு கடிதம் போனால் மூன்று பேர் சம்மதிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் வேண்டுமானால் 4,000 வீடுகளுக்காவது கடிதம் அனுப்புங்கள், 120 பேர் கிடைப்பார்கள். வயது, பாலினம், வட்டாரம், சொந்த வீடா வாடகையா என்ற நான்கும் ஊரின் விகிதத்தோடு பொருந்தும்படி அவர்களில் 45 பேரை இரண்டாம் குலுக்கலில் எடுங்கள். நடுவில் ஐந்து பேர் நின்றுபோனாலும் குழு உடையாது. வருபவர்களுக்கு நாள்படி, பயணச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சக்கர நாற்காலி நுழையும் வாசல் ஆகியவை வேண்டும். செலவைக் குறைக்க இவற்றில் கைவைத்தால், குலுக்கல் சேர்த்தவர்களை நீங்களே வடிகட்டி வெளியே அனுப்புகிறீர்கள் என்று பொருள்.

கூட்டத்தில் ஒரு மேசைக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பேச்சை நடத்துபவர் அந்தத் திட்டத்தை எழுதும் அதிகாரியாக இருக்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் தாளில் எழுத வேண்டும். எடுத்தவுடன் கை உயர்த்தச் சொன்னால், முதலில் உரக்கப் பேசியவரின் பின்னால் மற்றவர்கள் போய்விடுவார்கள்.

‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசைப் பட்டியல்தான் வரும், அதை வைத்துத் திட்டம் போட முடியாது. பதிலாக ஒவ்வொரு மேசைக்கும் நூறு வில்லைகள் கொடுங்கள், அதுதான் பத்தாண்டுப் பணம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையில் கட்டும் செலவும், அதன் கீழே பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும் வில்லைக் கணக்கில் இருக்க வேண்டும். பராமரிப்பை விட்டுவிட்டால் புதிய கட்டடங்களே ஜெயிக்கும், மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் கூரைப் பழுதும் பிற்பாடு வந்து கழுத்தைப் பிடிக்கும். பழைய வடிகாலைச் சீரமைப்பதற்கும் ஓர் அட்டை வையுங்கள், அதைத் தள்ளிப்போட்டால் எந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எல்லா அட்டைகளும் சேர்ந்து சுமார் இருநூறு வில்லைக்கு வர வேண்டும். அப்போதுதான் பாதியைக் கைவிட நேரும். ஓர் அட்டையை ஒதுக்கும்போது மேசையில் சொல்லப்படும் காரணங்களை ஒருவர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். என் மதிப்பில், எத்தனை வில்லை விழுந்தது என்பதைவிட அந்தக் காரணங்கள் பெறுமதியானவை.

கூட்டம் திரட்டத் தெரிந்த பகுதியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகும் அபாயம் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் மக்கள் பங்கேற்கும் வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கியது. பகுதிகளுக்குப் பணத்தைப் பிரிக்க அங்கே உருவான விதியில், பகுதி மக்கள் தந்த முன்னுரிமையோடு, மக்கள்தொகையும் எந்த வசதி எவ்வளவு குறைவு என்பதும் மதிப்பெண்ணாகச் சேர்ந்தன. அத்தகைய விதியை முதல் கூட்டத்துக்கு முன்பே அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும், முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

வந்த கருத்துகளை என்ன செய்வது என்பதில்தான் பல மன்றங்கள் சறுக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். முதல் நூறை இருவர் தனித்தனியே பொருள்வாரியாகப் பிரித்து ஒப்பிடட்டும், வேறுபாடு அதிகமானால் தலைப்புகளைத் திருத்துங்கள். ஒரே வாசகத்தில் 600 கடிதம் வந்தால் அது ஒரே வாதம், ஆதரிப்பவர் 600 பேர் என்று பதியுங்கள். பிறகு பதில் பட்டியல்: ஏற்றோம், ஒரு பகுதி ஏற்றோம், ஏற்கவில்லை. மூன்றுக்கும் காரணம், ஏற்றவற்றுக்கு வரைவில் அவை இடம்பெறும் பக்கத்தின் எண். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதினால் அது பதிலே அல்ல. ஆறு வாரத்துக்குள் இந்தப் பட்டியல் வெளிவர வேண்டும். மறுக்கப்பட்டவர்கூடக் காரணம் கிடைத்தால் அடுத்த முறை வருகிறார்.

இதற்கெல்லாம் வரைவு எழுதுவதற்கு முன் ஆறு மாதமாவது ஒதுக்க வேண்டும். திட்டத்தை மன்றம் தீர்மானமாக நிறைவேற்றிய பிறகும் வேலை இருக்கிறது. தேர்தலில் உறுப்பினர்கள் மாறுவார்கள், அதிகாரிகள் இடம் மாறுவார்கள், எதற்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பது மறந்துபோகும். பதில் பட்டியலை மன்றக் கோப்பில் நிரந்தரமாக வையுங்கள். ஆண்டுக்கொரு முறை பழைய குழுவில் சிலரையும் புதிதாகக் குலுக்கலில் எடுத்த சிலரையும் அழைத்து, ஒவ்வொரு வேலையும் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தப் பட்டியலை வைத்தே பாருங்கள். அந்த ஆய்வு, வரவுசெலவுத் திட்டம் நிறைவேறுவதற்கு இரண்டு மாதம் முன்பாவது நடக்க வேண்டும். நிறைவேறிய பிறகு வைத்தால் அந்த ஆண்டுப் பணம் எங்கே போகும் என்பதை யாராலும் மாற்ற முடியாது. வணக்கம்.