லே சாலைக்கு மூட்டை கட்டும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரத்துக்கு பைக்கில் போகும் ஆசை இப்போது நம் ஊரிலும் நிறையப் பேருக்கு இருக்கிறது. வண்டியை ரயிலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ பார்சல் போட்டுவிட்டு அங்கிருந்து கிளம்புகிறார்கள். எந்த வண்டி, எந்த மாதம், எந்த வழி என்று ஆறு மாதம் விசாரிப்பவர்கள்கூட மூட்டை கட்டுவதைக் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இன்று அந்த மூட்டையைப் பற்றிப் பேசலாம்.

அடல் சுரங்கம் வழியாகப் போனால் மணாலியிலிருந்து லே சுமார் 430 கிலோமீட்டர். மணாலி 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா என்று கணவாய்கள் வரிசையாக வரும். கடைசியில் வரும் தங்லங் லா 5,300 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். குனிந்து ஒரு பக்கிளை மாட்டி நிமிர்ந்தாலே மூச்சு வாங்கும். விரல் விறைத்திருக்கும். மழையோ பனித்தூறலோ விழுந்துகொண்டிருக்கும். மூட்டையை மணாலி ஹோட்டலில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுகிறோம், அவிழ்ப்பது வழியில் இரவு தங்கும் சர்ச்சுவில். அவிழ்க்கும்போது நம் நிலை எப்படி இருக்கும் என்பதை மனதில் வைத்துக் கட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் எடை. தனியாகப் போகிறவருக்குப் பெட்ரோல் போக மொத்தம் 15 முதல் 18 கிலோ போதும். பெட்டி தூக்கும் கைத்தராசு ஒன்று வாங்கி ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். பின்சீட்டின் இரு பக்கமும் தொங்கும் சேடில் பேகுகளில், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நேர்ச்சாலையில் தெரியாது. கல்லும் மண்ணுமாக இருக்கும் இடத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது வண்டி ஒரு பக்கமாகவே சாயப் பார்க்கும். கால் ஊன்றித் தாங்குவதற்குள் தொடை ஓய்ந்துவிடும்.

எடை எங்கே உட்கார வேண்டும் என்றால், தாழ்வாக, வண்டியின் நடுவுக்குப் பக்கமாக. பலரும் செய்யும் தவறு, பின் கேரியரில் பெரிய டாப் பாக்ஸ் வைத்து அதில் டூல்ஸ், ஆயில், பூட்டு என்று இரும்பையெல்லாம் போடுவது. அந்தப் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. சரளைக்கல்லில் வண்டியின் வால் ஆடும், முன் சக்கரம் லேசாகிப் பிடிப்பு குறையும், கைப்பிடி நடுங்கும். சர்ச்சு தாண்டியதும் கட்டா லூப்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள் வரும். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெட்டி தன் எடையைச் சொல்லும். அதில் தூங்கும் பை, தடித்த ஜாக்கெட் மாதிரி இடத்தை அடைக்கிற லேசான சாமான்களை மட்டும் வையுங்கள்.

இரும்புச் சாமான்களுக்குச் சரியான இடம் முன்னால் இருக்கும் லெக் கார்டில் கட்டுகிற சிறு பைகள். டூல்ஸ், டியூப், செயினுக்குப் போடும் எண்ணெய், அரை லிட்டர் என்ஜின் ஆயில் எல்லாம் அங்கே போகலாம். பின்னால் இருக்கும் கனத்துக்கு அது எதிர் எடையும் ஆகும். ஆனால் என்ஜின் சூட்டை ஆற்றும் ஃபின்களுக்கும் ஆயில் கூலருக்கும் போகிற காற்றை அந்தப் பை மறைக்கக் கூடாது. மெல்லிய காற்றில் என்ஜின் ஆறுவது ஏற்கெனவே சிரமம்.

வலது பக்கம் சைலன்சர். துணிப்பை அதைத் தொட்டால் பத்து நிமிடத்தில் ஓட்டை விழும். காலியாக இருக்கும்போது எட்டாமல் இருக்கிற பை, நிரம்பித் தொங்கும்போது, பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது, போய்த் தொடும். அதனால் பையை நிரப்பி, நீங்களும் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு விரல் அகலம் வேண்டும். இல்லையென்றால் சேடில் ஸ்டே என்கிற கம்பிச் சட்டம் போட்டே ஆக வேண்டும். ஸ்ப்ரே டப்பா, கையடக்க ஆக்சிஜன் குப்பி இரண்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது. அந்த ஆக்சிஜன் குப்பி சில நிமிடங்களுக்குத்தான் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தில் காற்று குறைவதால் வரும் மலை நோய் கடுமையானால் கீழே இறங்குவதுதான் வழி. குப்பி இருக்கிறது என்ற தைரியத்தில் மேலேயே தங்கக் கூடாது.

இப்போது பெட்ரோல். சுரங்கத்தைக் கடந்ததும் ‘தாண்டி’ என்கிற ஊரில் உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை பல ஆண்டுகளாகப் பிரபலம். லேவுக்கு முன்னால் காரூவில் ஒரு பங்க் உண்டு. அதைக் கணக்கில் எடுத்தாலும் 330 கிலோமீட்டர் ஓட வேண்டும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் டேங்க் 15 லிட்டர். ஏற்றம், முதல் கியர், இரண்டாம் கியர், கெட்ட சாலை எல்லாம் சேர்ந்து மைலேஜ் லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு இறங்கினால் சரியாக 330. மிச்சம் ஒரு சொட்டு இல்லை. அதனால் கூடுதலாக 5 லிட்டர் அவசியம். 13 லிட்டர் டேங்க் உள்ள 350 சிசி வண்டிக்கும் அதே அளவு. பத்து லிட்டர் சுமக்கத் தேவையில்லை.

கேனை மணாலியில் நிரப்பாதீர்கள், தாண்டியில் நிரப்புங்கள். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் பெட்ரோல் கேனோடு போக வேண்டிய அவசியமே இல்லை. குடிநீர் பாட்டிலில் ஊற்றுவது ஆபத்து. பெட்ரோலுக்கென்றே செய்த கேன் வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளிருக்கும் ஆவி கேனை உப்ப வைக்கும். மூடியை மெதுவாக, துணியைப் போர்த்தி, என்ஜின் ஆறிய பிறகு திறக்க வேண்டும். 5 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 3.7 கிலோ. சர்ச்சு போய்ச் சேர்வதற்குள் டேங்கில் கிட்டத்தட்ட அந்த அளவு இடம் வந்திருக்கும். அங்கேயே கேனிலிருந்து ஊற்றிவிடுங்கள். உயரமான கணவாய்களுக்குக் காலிக் கேனோடு ஏறலாம், எடை டேங்கில் நடுவில் உட்கார்ந்துவிடும். கடைசி வரை கேனைக் காப்பாற்றி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ஈரம் இரண்டு வழியில் வரும். மழை மேலிருந்து வரும், நாலா கீழிருந்து வரும். பனி உருகி ரோட்டைக் குறுக்கே கடக்கும் ஓடைகளுக்கு அங்கே நாலா என்று பேர். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் முழங்காலுக்கு ஏறிவிடும். அப்போது சேடில் பேகின் அடிப்பகுதி நேராகத் தண்ணீரில் முங்கும். பையோடு கொடுக்கிற ரெயின் கவர் இதற்கு உதவாது. அது காற்றில் படபடத்துக் கழன்று பறக்கும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். உள்ளேதான் காப்பு வேண்டும். வாயைச் சுருட்டி மூடும் ட்ரை பேக் நல்லது. மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும், ஒரே சுற்றில் தண்ணீர் நுழையும். அது இல்லையென்றால் கனமான பாலிதீன் பைகள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. பையின் அடியில் செருப்பு, சமையல் பாத்திரம், பூட்டு மாதிரி நனைந்தாலும் கெடாதவை இருக்கட்டும். தூங்கும் பையும் இரவு உடையும் நனைந்தால் அந்த உயரத்தில் அது உயிர்ப் பிரச்சினை. அவற்றை எப்போதும் மேலே வையுங்கள்.

உடை விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் குளிருக்குப் பயந்து கனமான ஸ்வெட்டர் நான்கு எடுத்துப் போவார்கள். அது வேண்டாம். உடம்போடு ஒட்டிய தெர்மல் இரண்டு, நடுவில் ஒரு ஃப்ளீஸ், இரவுக்கு இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் ஒன்று. கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. கையுறை இரண்டு ஜோடி, அதில் ஒன்று நனையாதது. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கணவாயில் நிற்கும்போது உடம்பை உறைய வைக்கும். ரெயின் கோட்டை ஜாக்கெட்டுக்கு மேலேயே போட்டுப் பார்த்து ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். அதற்கு இடம் எல்லாப் பைக்கும் வெளியே, கட்டிய வாரின் கீழே. மழை வந்தால் ஒரு பையையும் திறக்காமல் உருவ வேண்டும்.

உதிரிப் பாகங்களில் கிளட்ச் கேபிள் ஒன்றைப் பைக்குள் வைக்காதீர்கள். பழைய கேபிளின் பக்கத்திலேயே புதியதையும் ஓட்டி ஜிப் டையால் கட்டி, இரு முனையையும் டேப் சுற்றி விடுங்கள். அறுந்தால் இரு முனையையும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். மற்றபடி ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயின் லாக், எம்-சீல், கட்டுக்கம்பி. டியூப் வண்டிக்கு முன் டியூப், பின் டியூப் இரண்டும். இடமே இல்லை என்றால், முன்னால் 21 அங்குலச் சக்கரம் உள்ள வண்டியில் அந்த டியூபை மடித்துப் பின் சக்கரத்திலும் அவசரத்துக்குப் போட்டு ஓட்டலாம். பஞ்சர் சாமான், டயர் லீவர், பம்ப் மூன்றும் ஒரே பையில் இருக்க வேண்டும். காற்றை அந்த உயரத்தில் கையால் அடிப்பது பெரும்பாடு, பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் அதன் எடைக்குத் தகும்.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிறை நம்பாதீர்கள். ஒவ்வொரு குழியிலும் அது நீண்டு சுருங்கும், பை அங்குலம் அங்குலமாக நகரும். அவிழ்க்கும்போது கை நழுவினால் கொக்கி கண்ணைப் பதம் பார்க்கும். நீளாத நைலான் வார், பக்கிள் உள்ளது, நான்கு போதும். ஒவ்வொரு வாரையும் வண்டியின் சட்டத்திலோ கேரியரிலோ கட்டுங்கள். இண்டிகேட்டரில், பிளாஸ்டிக் மட்கார்டில் கட்டக் கூடாது. மிச்சம் தொங்கும் வார் முனைதான் பெரிய ஆபத்து. அது செயினிலோ பின் சக்கரத்திலோ சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முனையைச் சுருட்டி ஜிப் டை போடுங்கள். முதல் இருபது கிலோமீட்டரில் எல்லாப் பையும் படிந்து வார் தளரும், நிறுத்தி இழுத்துக் கட்டுங்கள்.

சுமை ஏற்றிய பிறகு வண்டியையும் சரிசெய்ய வேண்டும். பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது அதன் ஆரம்ப இறுக்கத்தை, கூட்டுங்கள், டயர் காற்றைக் கையேட்டில் சுமையோடு என்று சொன்ன அளவுக்கு வையுங்கள். பின்புறம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், அதைத் தாழ்த்துங்கள். செயின் தளர்ச்சியை, மூட்டையோடு நீங்களும் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் பார்க்கட்டும். வெறும் வண்டியில் இறுக்கமாக வைத்த செயின், சுமையில் விறைத்து பேரிங்கைத் தின்னும்.

டேங்க் பேகில் ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று, ரொக்கம், தண்ணீர், கடலை மிட்டாய், தலைவலி மாத்திரை, ஓஆர்எஸ். மலை நோய்க்கான மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். போனும் பவர் பேங்கும் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். பகலில் ஜாக்கெட்டின் உள்பையில், இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் பை மாட்டாதீர்கள். அன்று முழுவதும் அதன் எடை தோளிலேயே இருக்கும், விழுந்தால் முதுகெலும்பைக் குத்தும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எல்லாம் கட்டி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ரெயின் கோட், பஞ்சர் பை, மாத்திரை மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒன்றை எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, வேறு பையைத் திறக்க வேண்டியிருந்தாலோ, பிரித்து மறுபடியும் கட்டுங்கள். வணக்கம்.