வலசைப் பருந்துகள் படத்துல கறுப்பா, மங்கலா வர்றது ஏன்?

அடுத்த கேள்வி: "வலசை போற பருந்துக் கூட்டத்தை 1/2000 வினாடி ஷட்டர் ஸ்பீடுல எடுத்தும் எல்லாம் கறுப்பா, மங்கலா வருது. லென்ஸ்ல கோளாறா?"

லென்ஸைச் சந்தேகப்படாதீங்க. கறுப்பும் மங்கலும் வேற வேற பிரச்சினை.

கறுப்புக்குக் காரணம் வானம். கேமரா வானத்தோட வெளிச்சத்தை அளந்துக்குது, நிழல்ல இருக்கிற அடிவயிறு இருண்டுடுது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை, +1லேர்ந்து +1.7 வரைக்கும் ஏத்துங்க. வெயில் சீரா இருந்தா, எல்லா அளவையும் நாமளே வைக்கிற மேனுவல் மோடு இன்னும் நல்லது. நீல வானத்துலேர்ந்து வெள்ளை மேகத்துக்குப் பறவை போனா கேமராவோட வெளிச்ச மீட்டர் மாறும், பறவை மேல விழுற வெளிச்சம் மாறாதே! ஷட்டரை 1/2000, லென்ஸ் துவார அளவை எஃப் 6.3னு வெச்சுட்டு, அடிவயிற்று இறகுக் கோடுகள் தெரியுற வரைக்கும் ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்ச உணர்திறனை) ஏத்துங்க. மேகம் வெளுத்துப் போனா போகட்டும்.

மங்கல் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. நிலம் சூடாகி எழும்புற காற்றுலதான் பருந்து இறக்கை அடிக்காம வட்டமடிச்சு ஏறுது. அந்தக் காற்றோட அலைவுதான் உங்க படத்தையும் கெடுக்குது. ஷட்டரை எவ்வளவு ஏத்தினாலும் இது போகாது. தார் ரோடு, பாறை, கார் கூரை இதுக்கு மேலா குறி வைக்காதீங்க. ஏ.சி. கார்லேர்ந்து எடுத்த லென்ஸை அரை மணி நேரம் வெளியில வெச்சுட்டு எடுங்க. அது குளிர்ச்சியா இருந்தா லென்ஸ் முன்னால மாட்டுற ஹூடுக்குள்ளயே காற்று கலங்கும்.

உச்சி வெயில்ல பறவை புள்ளியாத்தான் தெரியும், அப்போ கேமராவைக் கீழ வெச்சுட்டு 8x42 (8 மடங்கு பெரிசாக் காட்டுற, 42 மி.மீ. முன்கண்ணாடி உள்ள) பைனாகுலரை எடுங்க. வெறும் நீலத்துல தேடினா கண்ணு தோத்துடும், மேகத்தை ஒட்டியே தேடுங்க. வட்டமடிக்கிற கூட்டத்தை எண்ணவே முடியாது. உச்சிக்குப் போய் வரிசையா சறுக்கி வெளியேறும் பாருங்க, அப்போ எண்ணுங்க.

படத்துக்குக் காலையில முதல் கூட்டம் தாழ்வா ஏறத் தொடங்குற நேரமும், சாயங்காலம் தங்க இறங்குற நேரமும்தான். முதல்லயே தூரத்து மரத்துல ஃபோகஸ் பண்ணி வெச்சுக்குங்க, இல்லேன்னா வெறும் வானத்துல லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். பின்னணியில மலை வந்தா ஃபோகஸ் கட்டத்தைச் சின்னதாக்குங்க.

சூரியனை முதுகுப் பக்கம் வெச்சு நில்லுங்க. வட்டமடிக்கிற பருந்து உள்பக்கமா சாயும், வயிறு வெளிப்பக்கம் திரும்பும். அதனால உங்க பக்கம் வர்ற அரை வட்டத்துல வயிறு முழுக்க வெயில் விழும். விரல் மாதிரி விரியுற இறக்கை நுனியைக்கூட ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம். அந்த நொடிக்காகக் காத்திருந்து ஷட்டரை அழுத்துங்க.