டைரி நிறைய செஷன், மாசக் கடைசியில மிச்சம் இல்லை: தனி தெரபி பிராக்டிஸோட கணக்கு

அடுத்த கேள்விக்கு வருவோம். சொந்தமா தெரபி (மனநல ஆலோசனை) பிராக்டிஸ் நடத்துற ஒருத்தங்க கேட்டிருக்காங்க. "வாரத்துக்கு 20 செஷன் இருக்கு, டைரி நிறைஞ்சிருக்கு. ஆனா வாடகை, மத்த செலவெல்லாம் போக ஒண்ணும் மிஞ்சலை. ஃபீஸை ஏத்தணுமா, இன்னும் கிளையன்ட் சேர்க்கணுமா? சலுகைக் கட்டணத்துல நிறைய பேர் வர்றாங்க, அதை நிறுத்தவும் மனசு வரலை."

முதல்ல அந்த 20-ஐப் பார்ப்போம். அது டைரியில எழுதின 20-ஆ, காசு வந்த 20-ஆ? ஃபீஸ் வைக்கும்போது பல பேர் 20-ஐ 52 வாரத்தால பெருக்கி, வருஷத்துக்கு 1040 செஷன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி ஒரு வருஷம் யாருக்கும் அமையாது. லீவு 4 வாரம், உடம்பு முடியாம 1 வாரம், பயிற்சிக்கு 1 வாரம்னு கழிச்சா மிச்சம் 46. அதுலயும் 20 புக்கிங்ல 3 பேர் கடைசி நேரத்துல கேன்சல் பண்ணிட்டாங்க, இல்ல வரவே இல்லைன்னு வச்சுக்கங்க. 17 ஆச்சு. 46-ஐ 17-ஆல பெருக்கினா 782. நினைச்சதுல கால் பங்கு காணோம். இந்த 3 எனக்கும் உங்களுக்கும் ஒண்ணா இருக்காது. கடைசி மூணு மாச டைரியை எடுத்து, புக் ஆனது எத்தனை, நடந்தது எத்தனை, பணம் வந்தது எத்தனைன்னு மூணு எண்ணையும் தனித்தனியா எழுதிப் பாருங்க.

ஃபீஸை இங்கிருந்துதான் போடணும். வருஷத்துக்கு உங்க கைக்கு வர வேண்டிய தொகை, வருஷச் செலவு, வரி, மூணையும் கூட்டி அந்த 782-ஆல வகுங்க. செலவுங்கறப்போ வாடகையோட நிறுத்திடாதீங்க. சூப்பர்விஷன் (நம்ம கேஸ்களைப் பத்தி ஒரு மூத்த தெரபிஸ்ட்கிட்ட ஆலோசனை கேட்கிறது), தொழில் காப்பீடு, பயிற்சி, கணக்கு பார்க்கிறவர் சம்பளம், பணம் வாங்குற செயலி பிடிக்கிற கமிஷன் எல்லாம் சேரும். வர்ற விடை சராசரி ஃபீஸ். ஒவ்வொரு செஷனுக்கும் சராசரியா அவ்வளவு வந்தாத்தான் கணக்கு நிக்கும். பக்கத்துல இருக்கிற தெரபிஸ்ட் என்ன வாங்குறாங்கன்னு பார்த்து வைக்கிற ஃபீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவங்களுக்கு வேற வேலை இருக்கலாம், சொந்த அறை இருக்கலாம்.

இப்போ சலுகைக் கட்டணம். இதை நிறுத்த வேண்டாம், ஆனா இடத்தை எண்ணி வைங்க. 20 இடத்துல 3 பேர் பாதிக் கட்டணம்னா, அதே மொத்தம் வர மத்த 17 பேர்கிட்ட சுமார் 9 சதவீதம் கூட வாங்கணும். அது தாங்கும். 8 பேருக்குப் பாதின்னா, மத்த 12 பேர்கிட்ட 33 சதவீதம் கூட வாங்கணும். தாங்காது. பெரும்பாலும் 8 ஆகறது முடிவு பண்ணி ஆகறதில்லை. முதல் போன்லயே அவங்க கஷ்டத்தைக் கேட்டதும் நம்ம வாயிலிருந்து குறைச்ச தொகை வந்துடும், அப்படியே ஒவ்வொண்ணா சேரும். அதனால 3 இடம்னு முடிவு பண்ணிட்டு, நிறைஞ்சிருந்தா காத்திருப்புப் பட்டியல்ல போடுங்க, இல்ல குறைஞ்ச கட்டணத்துல பார்க்கிற வேற இடத்துக்கு அனுப்புங்க. சலுகை தரும்போதே "ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பேசுவோம்"னு சொல்லிடுங்க. இல்லேன்னா ஒருத்தருக்கு வேலை கிடைச்சு வருஷம் ஆனாலும் பழைய தொகையே ஓடிட்டிருக்கும், கேட்க உங்களுக்கும் சங்கடம்.

கேன்சல் விதி எழுத்துல இருக்கணும். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ, எதுவானாலும் முதல் செஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற ஒப்புதல் படிவத்துலயே இருக்கட்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தோட நெறிமுறையும் கட்டண விஷயத்தை முடிஞ்ச வரைக்கும் ஆரம்பத்துலயே பேசி முடிச்சுக்கணும்னுதான் சொல்லுது. விதி கடுமையா இருக்கறதால பிரச்சினை வர்றதில்லை. ஒருத்தர்கிட்ட வாங்கி, இன்னொருத்தர்கிட்ட விட்டுடறதாலதான் வருது. விதிவிலக்கு என்னன்னும் அதுலயே எழுதிடுங்க, திடீர் உடல்நலக் குறைவு, வீட்டுல ஒரு மரணம் மாதிரி. அறையை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஆள் வரலைன்னாலும் வாடகை போயிடும்.

இன்னும் கிளையன்ட் சேர்க்கலாமான்னா, வாரத்துக்கு 20-க்கு மேல ஏத்துறதை நான் சொல்ல மாட்டேன். செஷன் குறிப்பு, விசாரிப்பு போன், கடிதம், சூப்பர்விஷன் எல்லாம் சேர்த்தா 20 செஷனே முழுநேர வேலைக்குப் பக்கத்துல வந்துடும். 30 ஆக்கினா குறிப்பு எழுதறது தள்ளிப் போகும், அஞ்சாவது ஆள் பேசும்போது நாலாவது ஆள் சொன்னது தலையில ஓடும்.

ஆனா இருக்கிற 20-ஐக் காப்பாத்தவே புது ஆள் வந்துட்டே இருக்கணும், இதைப் பல பேர் கணக்குல எடுக்கறதில்லை. போன வருஷம் நடந்த மொத்த செஷனை, வந்தவங்க எண்ணிக்கையால வகுங்க. ஒருத்தர் சராசரியா 10 தடவை வர்றார்னா, 782 செஷனுக்கு 78 பேர் வேணும். மாசத்துக்கு ஆறேழு புது ஆள். புதுசா வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஒரே டாக்டர் அனுப்பினவங்களா இருந்தா அது ஆபத்து, அவர் இடம் மாறினா உங்க டைரியும் காலி. அனுப்புறதுக்காக யாருக்கும் கமிஷன் கொடுக்காதீங்க. வந்துட்டிருக்கிற கிளையன்ட்கிட்ட பாராட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீங்க, அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாத இடம் அது. விசாரிச்சு வர்ற மெசேஜுக்கு ஒரு நாளுக்குள்ள பதில் போனாலே நிறைய பேர் தங்குவாங்க. உதவி கேட்க ரொம்ப நாள் தயங்கிட்டுத்தான் அந்த மெசேஜை அனுப்பியிருப்பாங்க.

ஃபீஸ் ஏத்தறதைப் பொறுத்தவரை, வருஷா வருஷம் கொஞ்சமா ஏத்துங்க. செலவு வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினா அஞ்சு வருஷத்துல சுமார் 28 சதவீதம். அதை ஒரே நாள்ல கேட்டா யாருமே திகைப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு உடனே, ஏற்கெனவே வர்றவங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டு. செஷனோட ஆரம்பத்துல சொல்லுங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துல சொன்னா, அதைப் பத்தி அவங்களுக்கு எழுற உணர்வைப் பேச நேரமே இருக்காது. நெருக்கடியில இருக்கிறவங்களுக்குத் தேதியைத் தள்ளி வைங்க.

பாக்கி விஷயத்துல மட்டும் ஒரு எல்லை. ரெண்டு செஷனுக்கு மேல பாக்கி நிக்க விடாதீங்க, மூணாவதுக்கு முன்னாடியே பேசிடுங்க. பாக்கி ஏற ஏற அவங்க வெட்கப்பட்டு வர்றதையே நிறுத்திடுவாங்க, சிகிச்சையும் போச்சு, பணமும் போச்சு. அப்படிப் போனவங்க அவசர சிகிச்சைக்காகத் தன்னோட பதிவேட்டைக் கேட்டா, பாக்கி இருக்குன்னு பிடிச்சு வைக்காதீங்க. அது நெறிமுறைப்படியே தப்பு.